இறங்குமுன் ஏற்றத்தை எண்ணுங்கள்

மலையேறும்போது களைத்துவிட்டால் பாதியிலேயே இறங்கிவிடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு அப்படிப்பட்டதன்று. அங்கே முதலில் இறக்கம்; களைத்த பின்புதான் ஏற்றம்!

கொலராடோ ஆறு சுமார் 50, 60 இலட்சம் ஆண்டுகளாக அறுத்து உருவாக்கிய இப்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும் 1.6 கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உடையது. ஆற்றோரப் பாறைகளில் சில 180 கோடி ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. 1919இல் இது தேசியப் பூங்காவாயிற்று.

தென் விளிம்பிலிருந்து பிரைட் ஏஞ்சல் பாதை வழியே, ஆற்றருகே கூடாரமடிக்கும் இடத்திற்குச் சுமார் 15 கிலோமீட்டர். அங்கு இரவு தங்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெறவேண்டும். ஒரே நாளில் ஆறு வரை சென்று திரும்ப முயலவேண்டாம் எனப் பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கின்றனர். கோடையில் அடிப்பகுதியின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில் தங்குவதே அறிவுடைமை. வெறும் தண்ணீரையே அதிகம் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்து நேரும். உப்புள்ள தின்பண்டமும் அவசியம்.

இறங்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு ஏறுவதற்கு வேண்டும். ஆகவே அன்றே திரும்புவோர், கொண்டுபோன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் மேல்நோக்கித் திரும்பிவிடுங்கள்.