புகார்முகத்தில் ஒரு சால்மன் வேட்டை

தகரத்தில் அடைத்து விற்கப்படும் மீனைச் ‘சமன்’ என வழங்குதல் இலங்கையிற் பரந்த வழக்கு. உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறோர் இனமாயினும், அப்பெயர் சால்மன் என்னும் வடகடல் மீனின் பெயரே. அம்மீனைத் தகரத்தில் அடைக்குந் தொழில் ஒருகாலத்திற் பெருவளம் பெற்றிருந்த இடங்களுள் ஒன்று கொலம்பியா ஆற்றின் முகம். ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன், வாஷிங்ரன் மாநிலங்களுக்கிடையே அவ்வாறு பசுபிக் சமுத்திரத்தை அடைகின்றது. ஆறு கடலிற் புகுமிடத்தைப் புகார் என்றனர் பழந்தமிழர். சால்மனுக்கோ அது கடலினின்றும் ஆற்றிற் புகுமிடம்.

சால்மன் நன்னீரிற் பிறந்து, கடலில் வளர்ந்து, சில ஆண்டுகளின் பின் தான் பிறந்த ஓடைக்கே முட்டையிட மீள்வது. கொலம்பியாவில் மிகுதியாகப் பிடிபடும் சினூக், கோகோ என்னும் இரு வகைகளும் முட்டையிட்டபின் இறந்தொழியும். பிறந்த ஓடையின் மணமே அவற்றுக்கு வழிகாட்டுகின்றது என்னும் கருத்துக்கு 1950 களில் ஆதர் ஹஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் உழைத்தோரும் பரிசோதனைகளால் வலுவூட்டினர். எனினும், வழி தெரிந்த அளவிற் பயணம் எளிதாகிவிடுவதில்லை. கடலில் இம்மீன் உப்புநீரைப் பருகி, மிகுந்த உப்பைச் செவுள்வழி வெளியேற்றும். ஆற்றிலோ செவுள் உப்பை உள்ளீர்க்க, சிறுநீரகம் மிகுந்த நீரைக் கழிக்க வேண்டும். உடற்றொழிலின் இத்தலைகீழ் மாற்றத்துக்கு இருவகை நீருங் கலக்கும் புகார்முகம் இடமளிக்கின்றது. ஆற்றில் மேலே செல்லச் செல்ல உணவை மறக்கும் இம்மீன், இங்கே இன்னும் இரையைக் கவ்வும். ஆகவேதான் ஓகஸ்ட் மாதத்தில் அஸ்ரோரியா, இல்வாக்கோ முதலிய துறைகளிலிருந்து சிறு படகுகள் வைகறையிலேயே புறப்பட்டு அங்கே திரள்கின்றன.

படகோட்டிக்கு வேளை குறிப்பது கதிரவனன்று, வற்றுப்பெருக்கே. வற்று அடங்கிப் பெருக்குத் தொடங்கும்போது, ஆற்று மீன்பிடிக்கு மேற்கெல்லை குறிக்கும் பத்தாம் இலக்க மிதவைக்கு அண்மையிற் படகு நிற்கும். கடல்நீர் உள்ளேறுகையில் மீனும் உடனேறும். படகும் அதனோடு கிழக்கே நகரும். ஹெரிங் அல்லது நெத்தலி மீனைத் தூண்டிலிற் கோத்து, ஈயக்குண்டினால் ஆழ்த்தி, அது நோயுற்ற மீன்போற் சுழலுமாறு மெல்ல இழுப்பர். சினூக் பெரும்பாலும் ஆழத்திலும், கோகோ சற்று மேலேயும் கவ்வும். நீர் மீண்டும் வற்றத் தொடங்கின், எத்துணை மீன் கிடைப்பினும் மேற்கே தங்குதல் பேதைமை. வெளியோடும் ஆற்றுநீர் உட்புகும் கடலலையோடு மோத, முகத்தடைமேல் அலைகள் செங்குத்தாய் எழுந்து உடையும். இம்முகத்தையும் சூழ்ந்த கரையையும் ‘பசுபிக்கின் இடுகாடு’ என்பர். றொபேட் கிறே தமது கப்பலை இவ்வாற்றினுட் செலுத்திய 1792 ஆம் ஆண்டின் பின் அங்கே ஏறத்தாழ 2,000 கலங்கள் அழிந்தன எனக் கணக்கிடுவர்.

மீன் அகப்பட்டதும் ஆரவாரம் எழும். ஆயின் அதனைத் தனதென்று கொள்ளுமுன் மீனவன் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. முதுகின் பின்புறத்தே, வாலுக்குச் சற்று முன்னே, நகத்தளவான சதைச்செட்டை ஒன்றுளது. குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் வளர்க்கப்படும் குஞ்சுகளிற் பெரும்பாலானவற்றுக்கு, ஆற்றில் விடுமுன் அதனை வெட்டிவிடுவர். செட்டை இல்லையேல் மனிதன் வளர்த்த மீன்; இருப்பின் இயற்கையாய்ப் பிறந்ததெனக் கொள்வர். கோகோ ஆயின் வெட்டுண்டதையே வைத்திருக்கலாம் என்பது இங்குள்ள விதி. சினூக்குக்குரிய விதி ஆண்டுதோறும் நாள்வாரியாக மாறும். நெடுநேரம் போராடி இழுத்த மீனை, அச்சிறு செட்டையைக் கண்டவுடன் நீரிலேயே வைத்துத் தூண்டில் கழற்றி விடுவித்தல் எளிய செயலன்று.

இக்கட்டுப்பாடு வீணே எழுந்ததன்று. இவ்வாற்றில் முதலாவது தகரமடைக்கும் தொழிற்சாலை 1866 இல் தோன்றியது. 1883 இற் பிடிக்கப்பட்ட சினூக் மாத்திரம் 4 கோடி இறாத்தலுக்கு மேற்பட்டது. வலையின் பேராசையைப் பின்னர் அணைகள் தொடர்ந்தன. 1938 இல் திறக்கப்பட்ட பொனவில் அணைக்கு மீன் ஏறும் படிகள் அமைத்தனர். 1942 இல் நிறைவெய்திய கிராண்ட் கூலி அணைக்கு அவையும் இல்லை. அதற்கப்பாலுள்ள ஓடைகளுக்கெனக் கடலினின்றும் மீண்ட மீன் சுவரிலே முட்டி நின்றது. ஆதிக்குடிகள் எண்ணற்ற தலைமுறைகளாக மீன்பிடித்த செலைலோ நீர்வீழ்ச்சி, டால்ஸ் அணையின் நீரில் 1957 மார்ச் 10 ஆம் நாள் ஒருசில மணித்தியாலங்களுள் மூழ்கியது. கொலம்பியாவின் கிளையாகிய சினேக் ஆற்றுக்குரிய சொக்கி இனம் 1991 இல் அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், கடலிலிருந்து ஏறத்தாழ 900 மைல் தொலைவிலுள்ள ரெட்பிஷ் ஏரிக்கு மீண்டது ஒரேயொரு மீன். வளர்ப்பு நிலையங்கள் இக்குறையை ஓரளவு நிரப்பின என்பது உண்மை. ஆயினும் அணைக்கு வழிவிடாது தொட்டியிற் குஞ்சு வளர்த்தல், நோயை விடுத்து நோயாளிக்கு ஊன்றுகோல் கொடுத்தல் போன்றதே.

நண்பகலில் வற்று வலுக்க, படகுகள் ஒவ்வொன்றாய்த் துறைக்குத் திரும்புகின்றன. செட்டையோடு விடுவிக்கப்பட்ட மீன் கலங்கல் நீரின் கீழே, எதிரோட்டத்திற் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கும்.