ஊதுகருவியும் இசைஞர் கூட்டமும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டங்களின் தோட்டக் கோயில்களில் நிகழும் ஆண்டுத் திருவிழாக்களைத் தொடர்ந்து கண்டுவருவோர் ஒரு மாற்றத்தை எளிதில் உணர்வர். உறுமி, பம்பை, தப்பு ஆகிய தோற்கருவிகளின் முழக்கம் குறையவில்லை; இளைஞர் குழுக்களால் அது முன்னினும் ஓங்கியே ஒலிக்கின்றது. நாதஸ்வரமோ அருகிவிட்டது. அது ஒலிக்கும் இடங்களிலும் அதனை வாசிப்பவர் பல வேளைகளில் வேலை அனுமதி பெற்றுத் தமிழகத்திலிருந்து வந்த கலைஞராகவே உள்ளார். அதற்கும் வசதியில்லாத சிறு கோயில்களில் ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவை இயக்கிச் சாமி புறப்பாட்டை நடத்திவிடுகின்றனர்.

இதற்குக் காரணம் வினவினால், ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. ஆர்வமற்ற பிள்ளைகளா நள்ளிரவு வரை உறுமி பழகுகின்றனர்? ஊதுகருவி என்பது எத்தகையது, அதனை வாசிப்பவருக்கு அன்றாடம் வேண்டுவன யாவை என்பவற்றை நோக்கினால் காரணம் வேறிடத்தில் இருப்பது புலப்படும்.

உதடும் சீவாளியும்

ஊதுகருவிகளுள் உதட்டின் அதிர்வால் ஒலிப்பன ஒரு வகை. நாக்கு எனப்படும் மெல்லிய தட்டையின் அதிர்வால் ஒலிப்பன மற்றொரு வகை. மேலை நாட்டு டிரம்பெட் முதல் வகையைச் சார்ந்தது. இவ்வகை தமிழர்க்குப் புதியதன்று. கொம்பு, தாரை, எக்காளம், திருச்சின்னம் ஆகிய அனைத்தும் உதட்டால் ஒலிப்பனவே. கூத்தர் சுமந்து சென்ற கருவிகளைப் பட்டியலிடும் மலைபடுகடாம், யானையின் துதிக்கையைப் போன்று நீண்ட தூம்பு ஒன்றையும் குறிப்பிடுகின்றது. திருஞானசம்பந்தர்க்கு முத்துச்சிவிகையுடனும் முத்துக்குடையுடனும் அருளப்பெற்றதாகப் பெரியபுராணம் கூறும் சின்னமும் இவ்வினத்ததே. ஆகவே டிரம்பெட்டை எக்காளத்தின் தூரத்து உறவு எனக் கொள்வதில் பிழையில்லை.

எனினும் எக்காளத்தில் இராகம் பாட இயலாது. துளையில்லாத குழாய் ஒன்றில் உதட்டின் இறுக்கத்தை மாற்றி ஊதினால் ச, ப, மேல் ச, அதற்கு மேல் க, ப எனச் சில சுரங்களே படிப்படியாகக் கிடைக்கும். இடைப்பட்ட சுரங்கள் கிடைப்பதில்லை. எக்காளமும் கொம்பும் அறிவிப்புக் கருவிகளாகவே நின்றுவிட்டமைக்கு இதுவே காரணம். ஐரோப்பியர் இக்குறையைப் பொறியால் தீர்த்தனர். 1818இல் பெர்லினில் ஷ்டோல்செல், ப்ளூமெல் ஆகிய இருவர் வால்வு அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றனர். இன்றைய டிரம்பெட்டின் மூன்று வால்வுகளுள் முதலாவது ஒலியை ஒரு முழுச்சுர அளவும், இரண்டாவது அரைச்சுர அளவும், மூன்றாவது ஒன்றரைச்சுர அளவும் தாழ்த்தும். இவற்றைத் தனித்தும் சேர்த்தும் அழுத்துவதால் பன்னிரு சுரத்தானங்களும் கைவரும்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) காலந்தொட்டு மேலை நாட்டு ஊதுகருவிகள் தமிழகத்தில் பழக்கத்தில் உள்ளன. கிளாரினெட்டும், பின்னாளில் கத்ரி கோபால்நாத் (1949-2019) வழியாகச் சாக்ஸபோனும் கருநாடக இசை மேடையில் இடம்பெற்றன. டிரம்பெட்டுக்கு அவ்விடம் எளிதில் வாய்க்கவில்லை. பேண்டு வாத்தியக் குழுவே அதன் இருப்பிடமாயிற்று. வால்வு ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்குப் படியேறித் தாவுவது. கமகமோ வழுக்கிச் செல்வது. படிக்கட்டில் வழுக்குவது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாதஸ்வரம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆச்சா மரத்தில் கடைந்த கூம்பு வடிவ உலவு, அடியில் விரிந்த அணசு, மேலே சீவாளி என்பன அதன் உறுப்புகள். விரல்கள் இயங்குவதற்கு ஏழு துளைகள் உள்ளன. கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சீர்செய்வர். துளையைப் பாதி மூடியும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும், சீவாளியின் மேல் உதட்டை இறுக்கியும் நெகிழ்த்தியுமே கமகம் பிறக்கின்றது. சுரத்தானத்தைக் கருவி தருவதில்லை. வாசிப்பவரின் உதடும் செவியும் தருகின்றன. தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மரமும் கைத்திறனும் பெரிதும் பேசப்பட்டன. உதட்டைப் பற்றிப் பேசியவர் குறைவு.

இவ்விரு கருவிகளும் எவ்வளவு வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்தவை. இரண்டிற்கும் உதட்டைச் சூழ்ந்த தசைகள் நாள்தோறும் பயில வேண்டும். வீணையை ஒரு திங்கள் தொடாதிருந்தவர் தடுமாறுவார். ஆயினும் ஒலி எழும்பும். ஒரு திங்கள் ஊதாதிருந்த உதடு கால் மணி நேரத்தில் தளர்ந்துபோகும். சாமி புறப்பாடோ கால் மணி நேரத்தில் முடிவதன்று. எனவே திருவிழாவுக்கு மட்டும் ஊதும் கலைஞர் என ஒருவர் நிலைத்திருக்க முடியாது. உறுமிக் குழு திருவிழாவுக்குச் சில திங்கள் முன்னர் ஒன்றுகூடிப் பழகி அரங்கேறிவிடும். நாதஸ்வரத்திற்கு அவ்வழி இல்லை. இவ்வொப்பீட்டால் உறுமியை நாம் தாழ்த்துவதாக எவரும் கருத வேண்டா. அதன் தாளக்கட்டு நுட்பமானது. கூட்டமாகக் கற்பதற்கு இயைந்தது என்பதே அதன் வலிமை.

பால்மரத் தோட்டத்தின் பிற்பகல்

நாள்தோறும் ஊதுவதற்கு ஓய்வும் இடமும் துணையும் வேண்டும். பால்மரத் தோட்டம் இம்மூன்றையும் தந்தது. எவரும் திட்டமிட்டுத் தந்ததன்று. தொழிலின் இயல்பு அவ்வாறு அமைந்தது.

வெயிலேறுவதற்கு முன்னரே பால் நன்கு வடியும். ஆகையால் விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகலில் பெரும்பாலோர் லயத்திற்குத் திரும்பிவிடுவர். வறுமையும் கடுமையும் நிறைந்த வாழ்க்கைதான். அதனை அழகுபடுத்திக் காட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் பிற்பகல் கையில் இருந்தது. லயத்திற்கு அப்பால் மரக்காடு இருந்தது. அங்கு எவ்வளவு உரக்க ஊதினாலும் குறை கூறுவார் இல்லை. நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த கருவி என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

துணை என்பது யாது? நாதஸ்வரக்காரர் ஒருவர் மட்டும் மேளமாகார். தவில் வேண்டும், தாளம் வேண்டும், சுருதிக்கு ஒத்து, அல்லது பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்த சுருதிப்பெட்டி வேண்டும். மூச்சு வாங்கும் இடைவெளியில் இசையைத் தாங்கிக்கொள்ள இரண்டாம் நாதஸ்வரமும் வேண்டும். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் நாம் சந்தித்த முதியவர் ஒருவர், பால் வெட்டி ஓய்வுபெற்றவர், இதனை ஒரே வரியில் கூறினார்: “தவில்காரர் பக்கத்துல இல்லேன்னா மூச்சு எங்க நிக்கணும்னே தெரியாதுங்க.” அவர் காலத்தில் அத்தவில்காரர் அடுத்த லயத்தில் இருந்தார்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் கூறியாக வேண்டும். காவிரிப் பகுதியில் நாதஸ்வரமும் தவிலும் இசைவேளாளர் குடும்பங்களின் வழிவழித் தொழில். கங்காணி முறையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோருள் பெரும்பாலோர் வேளாண் கூலிகள். ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களுள் மிகுதி. அவர்கள் உடன்கொண்டு வந்தது தப்பு. ஆகவே தோட்டத்தில் ஒருவர் நாதஸ்வரத்தை எடுத்தார் எனில், ஊரில் அவர் பாட்டனாருக்கு எட்டாதிருந்த கருவியை எடுத்தார் என்றே பல வேளைகளில் பொருள்படும். குருகுலமோ பரம்பரையோ இல்லாத இடத்தில் அண்டை வீட்டாரின் கூட்டமே குருகுலமாயிற்று. இது தோட்டத் தமிழர் சமூக வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்தி என்பது நம் கருத்து. கூட்டமே பள்ளியாக இருந்தமையால், கூட்டம் கலைந்ததும் பள்ளியும் மறைந்தது.

செம்பனையும் தாமானும்

கூட்டம் கலைந்த வரலாறு வட சிலாங்கூருக்குச் சிறப்பாகப் பொருந்துவது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் இவ்வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் அமைந்தது. செம்பனைக்கு முன்னோடியான அத்தோட்டத்தின் பெயர் தென்னைமரம் என்று ஒலிப்பது ஒரு வேடிக்கை. எனினும் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நடுவது நாடு முழுவதும் பெருகியது 1960களுக்குப் பின்னரே.

இம்மாற்றம் பயிர் மாற்றம் மட்டுமன்று. ஒரே அளவு நிலத்திற்குச் செம்பனை வேண்டும் ஆட்கள் பால்மரத்தைவிட மிகக் குறைவு. குலை அறுப்பும் சுமப்பும் விடியலில் தொடங்கி முற்பகலில் முடிவன அல்ல. ஆகவே பிற்பகல் போயிற்று. பின்னர் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாற்றப்பட்டும் போயின. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டு காத்திருந்ததை நாளிதழ் வாசகர்கள் அறிவர். காத்திருக்க இயலாதவர்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ரவாங், கிள்ளான் என வெவ்வேறு தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்தனர். நாதஸ்வரக்காரர் ஓரிடம், தவில்காரர் ஓரிடம்.

தாமான் வீட்டில் நாதஸ்வரம் பழகுவது எளிதன்று. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். டிரம்பெட் வாசிப்பவருக்கு இங்கு ஒரு வசதி உண்டு: அணசில் ஒலியடக்கியைச் செருகிக்கொண்டு மெல்லிய ஒலியில் பழகலாம். நாதஸ்வரத்திற்கு அத்தகைய ஒலியடக்கி வழக்கில் இல்லை. அடைத்தால் சுருதி கெடும். மெல்ல ஊதினால் சீவாளி பேசாது. நாம் சந்தித்த முதியவர் வீட்டில் ஊதுவதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகின்றன. கருவி துணியில் சுற்றிப் பேழைக்குள் உள்ளது. சீவாளிகள் நூலில் கோத்தபடி சாமி மாடத்தருகே தொங்குகின்றன.

கூட்டத்தை யார் தாங்குவது?

பித்தளைக் கருவியாளரின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பிரித்தானியர் காலத்தில் மலாயாவின் அரசு இசைக்குழுக்களில் பிலிப்பைன்ஸ் நாட்டு இசைஞர்கள் ஊதியத்திற்கு அமர்த்தப்பெற்றனர். அவர்களும் அயலவரே, அவர்களுக்கும் இங்குப் பரம்பரை இல்லை. ஆனால் திங்கள் ஊதியமும் பயிற்சிக் கூடமும் உடன் வாசிப்போரும் இருந்தமையால் அவ்விசை இந்நாட்டில் வேரூன்றி, பின்னாளில் வானொலிக்கும் மலாய்த் திரைப்படத்திற்கும் சென்றது. தோட்டத்து மேளத்திற்கு அத்தகைய தாங்கு எதுவும் அமையவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா கிடைக்கும் வெற்றிலை பாக்குத் தட்டே அதன் வருவாய். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து கோயில்கள் மூடப்பட்டபோது அதுவும் நின்றது. முன்னரே சுட்டியதுபோல், ஓராண்டு ஊதாதிருந்த உதடு தானாக மீள்வதன்று.

தமிழகத்திலிருந்து கலைஞர்களை வரவழைப்பதை நாம் குறைகூறவில்லை. சாமி புறப்பாட்டிற்கு மல்லாரியும் அந்தந்த வேளைக்குரிய இராகங்களும் முறைப்படி ஒலிப்பது அவர்களால்தான். ஆனால் அவர்கள் அனுமதிக் காலம் முடிந்ததும் திரும்புபவர்கள். ஒரு கோயில் அவர்களை வாசிப்பிற்கு மட்டும் அமர்த்தினால், அவர்கள் சென்ற மறுநாள் அக்கோயிலில் எஞ்சுவது பழைய அமைதியே. கற்பித்தலையும் உடன்பாட்டில் ஒரு கூறாகச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாசிப்பவர் பகலில் பெரும்பாலும் ஓய்வாகவே இருக்கின்றார்.

அதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. உதவி செய்ய முன்வருவோர் பொன்னாடை போர்த்தித் தனிக் கலைஞரைப் பாராட்டுகின்றனர். அல்லது பிள்ளைகளுக்குக் கருவி வாங்கித் தருகின்றனர். கருவி எவரிடமும் குறைவாயில்லை. குறைவது, வாரத்தில் சில நாளேனும் இருவர் நாதஸ்வரத்துடனும் இருவர் தவிலுடனும் ஓரிடத்தில் அமர்வது. சீவாளி பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வருகின்றது; தனியொருவர் நான்கைந்து வாங்கினால் இரண்டு பேசும், எஞ்சியவை பேசா. பத்துப் பேர் சேர்ந்து வாங்கி மாற்றிக்கொண்டால் ஒருவர் உதட்டிற்குப் பேசாத சீவாளி மற்றொருவர் உதட்டிற்குப் பேசும். மெழுகடைப்பையும் தவில் வார் இழுப்பையும் ஒருவருக்கொருவர் பார்த்துப் பழகலாம். ஒருவருக்கு உடல்நலமில்லை எனில் மற்றொருவர் அன்றைய திருமணத்திற்குச் செல்லலாம். பழைய லயம் இவற்றையெல்லாம் பெயரிடாமலே செய்துவந்தது.

இடம் என்பதற்கும் விடை அருகிலேயே உள்ளது. இவ்வட்டாரத்துக் கோயில்கள் பல, தோட்டம் போன பின்னரும் செம்பனைகளுக்கு நடுவே தனித்து நிற்கின்றன. காலைப் பூசை முடிந்தால் மாலை வரை அவை பூட்டிக்கிடக்கும். சுற்றிலும் குறை கூறுவதற்கு எவரும் இல்லை. முதியவரிடம் இதனைக் கூறியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், சாவி யாரிடம் உள்ளது என்று மட்டும் கேட்டார்.