காரம் குறைந்த சுருட்டு: தரம் பார்த்து வாங்குவது எப்படி?

சுருட்டு கேட்டு வரும் வாடிக்கையாளர் இப்போது குறைவு. வருகிறவர்களில் பலர் வயதானவர்கள், "காரம் கம்மியா, விலையும் கம்மியா இருக்கா?" என்று கேட்பவர்கள். ஒரு முறை மட்டச் சரக்கைக் கொடுத்தால், மறுமுறை அரிசி, பருப்புக்கும் அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

சுருட்டுக்கு நம் பக்கம் பழைய பெயர் உண்டு. ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே தமிழ்ச் 'சுருட்டு'தான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டைக் கண்டுபிடிக்கிறார் துப்பறிபவர். ஆனால் பெயரை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்யக் கூடாது.

முதலில் நிறம். மேல் இலை கறுப்பாக இருந்தால் காரம், வெளுப்பாக இருந்தால் மென்மை என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. காரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே வைத்த இலை. செடியின் அடி இலையில் நிக்கோடின் குறைவு. உச்சி இலையில் அதிகம். எனவே உள் இலை எது என்று சுருட்டுபவரிடமே கேளுங்கள்.

அடுத்து கை. கட்டின் மேலே இருப்பதை விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவுங்கள். நுனி முதல் அடி வரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கட்டியாக இருந்தால் புகை இழுபடாது. பள்ளமாக அமுங்கினால் சீக்கிரம் சூடேறிக் கசக்கும். நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்த சரக்கு.

மூன்றாவது மூக்கு. நன்றாகப் புளித்துப் பதப்பட்ட இலையில் உலர்ந்த இலை மணம் வரும். நவச்சார நெடி மூக்கைக் குத்தினால் பதம் போதவில்லை. அது அடி இலையானாலும் தொண்டையை அறுக்கும். பூசண வாடை வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் பற்றவைக்கத் தேவையில்லை. புகைக்காத வியாபாரிகள் இதற்காகப் பழக வேண்டாம். பழக்கமுள்ளவர் சுவை பார்ப்பதானால் வெறும் வயிற்றிலும், வெற்றிலை போட்ட வாயோடும் பார்க்கக் கூடாது. அடுத்தடுத்து இழுத்தால் நல்ல சுருட்டும் கசக்கும். முதல் பாதி பெரும்பாலும் மென்மையாகத்தான் இருக்கும். போகப் போகக் காரம் ஏறும். பாதிக்குப் பிறகும் தொண்டை எரியாமல், ஒரே சீராக எரிந்தால் அதுவே காரம் குறைந்த சரக்கு.

வாங்கிய பிறகு காப்பதில்தான் நஷ்டமே வருகிறது. மேல் இலையில் குண்டூசித் துளை தெரிந்தால் வண்டு விழுந்துவிட்டது என்று பொருள். இந்தச் சிறு செம்பழுப்பு வண்டு சுருட்டோடு நிற்காது. மிளகாய், மஞ்சள், மல்லிக்கும் பரவும். ஆகவே சுருட்டுக் கட்டை மசாலாச் சாமான் பக்கம் வைக்காதீர்கள். பெருங்காயம், கற்பூரம், ஊதுபத்தி அருகில் வைத்தால் அந்த மணம் ஏறிவிடும். மழைக் காலத்தில் மூடிய டப்பாவில், தரையில் படாமல் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. 'காரம் குறைவு' என்பது சுவையைப் பற்றிய பேச்சு. 'கெடுதல் குறைவு' என்று சொல்லி விற்பது பொய். புகையை விழுங்காவிட்டாலும் வாய் வழியே நிக்கோடின் ஏறும். வாய்ப் புற்றுநோய்க்கும் இடமுண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. எச்சரிக்கைப் படம் இல்லாத கட்டுகளை, விலை எவ்வளவு மலிவானாலும், வாங்காதீர்கள். சில ரூபாய் லாபத்துக்காகக் கடையின் நல்ல பெயரை அடகு வைக்க வேண்டாம்.