கொலையாளிகளின் பெயர் கல்லிலேயே இருக்கிறது, தெரியுமா?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவரா நீங்கள்? தொடக்கம் நினைவிருக்கிறதா? ஆடிப் பதினெட்டு. கடல் போல விரிந்த வீரநாராயண ஏரி. 74 கணவாய் வழியே பாய்ந்தோடும் புதுவெள்ளம். கரையோரம் குதிரையில் வரும் வாணர்குல வாலிபன் வந்தியத்தேவன். அந்த ஏரிக்கரையைத் தாண்டி அவன் போய்ச் சேர்கிற ஊர் வீரநாராயணபுரம். இன்றைக்கு நாம் அதைக் காட்டுமன்னார்கோயில் என்கிறோம்.

சரி, இப்போது கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே ஊரின் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் சுவரில், நாவலின் நடுநாயகமான கொலையைச் செய்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன! ஐந்து பாகம், 293 அத்தியாயம், மூன்றரை ஆண்டுத் தொடர்கதை. இத்தனைக்குமான துப்பு, கதாநாயகன் குதிரையை விட்டு இறங்கும் முதல் ஊரிலேயே கல்லில் கிடக்கிறது. உலகத்தில் வேறெந்தத் துப்பறியும் கதைக்காவது இப்படி ஒரு பாக்கியம் வாய்த்திருக்குமா, எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் கல்வெட்டில் என்னதான் இருக்கிறது? சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது சுட்டுவது சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரை. ரவிதாசன்! நள்ளிரவில் ஆந்தைபோல் கத்தி நம்மைப் போர்வைக்குள் ஒளிய வைத்தானே, அந்த மந்திரவாதியேதான். கல்கி கற்பனையில் பிடித்த ஆள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, அந்தப் பெயருக்கு ஆயிரம் வயது. மந்திர தந்திரம் மட்டும் கல்கி போட்டது. கல்வெட்டில் இருப்பவர்கள் காட்டில் ஒளிந்து திரிந்த சதிகாரர்கள் அல்லர். பிரமாதிராசன் என்பது அரசு உயர் அதிகாரிகளான பிராமணர்கள் பெற்ற பட்டம். அதிலும் பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். பாண்டியர் கை இதில் இருந்தது என்று வாதிடுபவர்கள் பற்றிக்கொள்ளும் நூல் அதுதான்.

அதைவிட வியப்பு, அந்தக் கல்வெட்டில் உள்ள அரச ஆணை எப்போது பிறந்தது தெரியுமா? கரிகாலன் இறந்தது 970ஆம் ஆண்டை ஒட்டி. அதன்பின் அவன் சிற்றப்பன் உத்தம சோழன் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டு முடித்து, 985இல் கரிகாலனின் தம்பி இராசராசன் பட்டத்துக்கு வந்து, அவனுடைய 2ஆம் ஆட்சியாண்டில்தான் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஓலை போகிறது. குற்றவாளிகளின் நிலங்களை மட்டுமா பறிக்கச் சொல்கிறது? உடன்பிறந்தார், பிள்ளைகள், மாமன்மார், பெண்ணைக் கட்டியவர்கள் என்று உறவு முழுவதும் வளைத்துப் போட்டுக்கொண்டு போகிறது அந்தப் பட்டியல். கொன்றவர்களின் உடம்புக்கு என்ன தண்டனை? அதைப் பற்றிக் கல்லில் மூச்சே இல்லை.

ஒரு பட்டத்து இளவரசன் கொலையுண்டு இத்தனை ஆண்டு ஏன் சும்மா இருந்தார்கள்? வரலாற்றாசிரியர்கள் மல்லுக்கட்டிய இடம் இதுதான். கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார். தி.வை.சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமன் அப்படிப்பட்ட பாவி என்றால், அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை இராசராசன் ஏன் கோயில் நிர்வாகம் பார்க்கும் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்? தன் பிள்ளைக்கே மதுராந்தகன் என்று அந்தச் சிற்றப்பனின் பெயரை ஏன் வைக்க வேண்டும்? (அந்தப் பிள்ளைதான் பின்னாளில் கங்கைகொண்ட இராசேந்திரன்.) கேட்கக் கேட்க இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது.

இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் தலை சுற்றும். வானுலகைக் காண ஆசைப்பட்டு ஆதித்தன் மறைந்தானாம்! கொலை என்ற சொல்லே இல்லை. மக்கள் அருள்மொழியை, அதாவது பின்னாளின் இராசராசனை, அரசேற்கக் கேட்டார்களாம். சிற்றப்பனுக்கு நாடாளும் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் ஒதுங்கினானாம். கல்கியின் ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர் வந்தது எங்கிருந்து என்று இப்போது புரிகிறதா?

உத்தமனைச் சாஸ்திரியின் சந்தேகத்திலிருந்து கல்கி எப்படி வெளியே இழுத்தார் என்பது தனி வித்தை. நாவலைப் படிக்காதவர்கள் கூட்டத்தில் நாலு பேராவது இருப்பார்கள், அதனால் அதை இங்கே உடைக்கமாட்டேன். படித்தவர்கள் ஒரு புன்னகையோடு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

மூன்றாம் பாகத்தின் பெயர் ‘கொலை வாள்’. பழிவாங்கத் துடிக்கும் நந்தினி கையில் மீன் சின்னம் பொறித்த வாள் அப்போதே மின்னத் தொடங்கிவிடுகிறது. கொலை விழுவதோ ஐந்தாம் பாகத்தில்! 100 அத்தியாயங்களுக்கு மேல் கத்தியை ஓங்கிய நிலையிலேயே வைத்திருக்கிறார் மனிதர். 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் ‘கல்கி’ இதழில் வந்த தொடர் இது. ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு பக்கங்களைக் கிழித்தெடுத்து, தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொண்ட வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. இன்று எல்லாத் தொகுதியையும் ஒரே வாரத்தில் முடித்துவிடும் நாம், அன்றைய வாசகரின் அந்த அவஸ்தையை, அதாவது அந்த ஆனந்தத்தை, கொஞ்சம் இழந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாரம் ஒரு அத்தியாயம் என்று கட்டுப்பாடு வைத்துப் படித்துப் பாருங்கள். முடியாது, ஆனாலும் பாருங்கள்.

கடைசியில் கொலை விழும்போது என்ன ஆகிறது? கடம்பூர் மாளிகையில் இருள் சூழ்கிறது, அவ்வளவுதான். விளக்கு வந்தபோது இளவரசன் உயிரோடு இல்லை. வழக்கமான மர்மக் கதையில் எல்லோரும் நான் இல்லை, நான் இல்லை என்று கையை விரிப்பார்கள். இங்கே தலைகீழ். கொன்றது நானே என்று பெரிய பழுவேட்டரையர் சொல்கிறார், தான் காதலிக்கும் வந்தியத்தேவனைக் காப்பாற்ற மணிமேகலையும் சொல்கிறாள்! சிறையில் கிடப்பவனோ எதுவும் செய்யாத வந்தியத்தேவன். எந்தக் கை குத்தியது என்று அறுதியிட்டு முத்திரை குத்தாமல் கல்கி நகர்ந்துவிடுகிறார். ஏமாற்றிவிட்டார் என்று குறைப்படுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வரலாறே தீர்க்காத வழக்கை நாவலாசிரியர் தீர்த்துவைத்தால், அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து நாம் எதைப் பேசுவது?

அது இருக்கட்டும், காதலுக்கு வருவோம். கல்வெட்டு யார் என்று சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் கல்கி கொண்டுவந்து நிறுத்திய ஆள்தான் நந்தினி! கல்வெட்டிலும் இல்லை, செப்பேட்டிலும் இல்லை, முழுக்க முழுக்கக் கற்பனை. பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கரிகாலன் கொய்தான் என்பது வரலாறு. தலையைக் கம்பத்தில் ஏற்றி வைத்தான் என்றுகூடத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. வீரபாண்டியன் ஒளிந்திருந்த குடிசையில் நந்தினி கரிகாலன் காலைப் பிடித்துக் கெஞ்சினாள் என்பது கல்கி. அந்த ஒரு காட்சி போதும், அரசியல் பழி காதல் பழியாகிவிட்டது. இதுதான் இந்த நாவலை ருசிக்கும் சூத்திரம் என்பேன். கல் பேசும் இடத்தில் கல்கி குறுக்கே பேசுவது குறைவு. கல் வாயை மூடும் இடத்தில்தான் பூங்குழலி படகோட்டுகிறாள், ஊமை ராணி வருகிறாள், ஆழ்வார்க்கடியான் தடியைச் சுழற்றுகிறான். இவர்கள் யாருமே வரலாற்றில் இல்லை.

அப்படியானால் வந்தியத்தேவனும் கற்பனைதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்றே குறிக்கப்படுகிறாள். கல்யாணம் ஆனது கல்லில் நிச்சயம். எப்படிக் கண் கலந்தார்கள் என்பது மட்டும் கல்லில் இல்லை. ஒரு வரிச் சான்றிலிருந்து கல்கி குடந்தை சோதிடர் வீட்டுச் சந்திப்பையும், ஓலை கொண்டுவந்த சாக்கில் வளர்ந்த நேசத்தையும் உண்டாக்கியிருக்கிறார். பழுவேட்டரையர் குலமும் உண்மை. அரியலூர்ப் பக்கம் மேலப்பழுவூர், கீழப்பழுவூர் போய்ப் பார்க்கலாம். அமைச்சர் அநிருத்தப் பிரமராயர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார்.

கல்கி வரலாற்றை எங்குமே வளைக்கவில்லையா? வளைத்திருக்கிறார். காய்ச்சலோடு அருள்மொழி தங்கும் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிஜய மன்னன் அதை இராசராசன் ஆட்சியில், அதாவது கதை முடிந்து பல ஆண்டு கழித்துத்தான் எழுப்பினான் என்று ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. அங்கே வரும் புயல் காட்சியைப் படிக்கும்போது யாருக்கு இதெல்லாம் நினைவுக்கு வரும்!

சென்னைவாசிகளுக்குத் தனியாக ஒன்று. வந்தியத்தேவன் வாய் பிளந்து பார்த்த அந்த வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து உங்கள் ஊருக்கு வருகிறதே, அந்தத் தண்ணீர்தான். நாவலின் முதல் அத்தியாயத்தைக் குடித்துக்கொண்டே படிக்கும் யோகம் உங்களுக்கு மட்டும்!

எம்.ஜி.ஆர். 1958இலேயே இதைப் படமாக்கப் புறப்பட்டார், நடக்கவில்லை. மணி ரத்னம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக எடுத்து முடித்தார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். புத்தகக் காட்சியில் கடைக்குக் கடை அடுக்கு அடுக்காக நிற்பதற்கு அதுதான் காரணம்.

தொடர் முடிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? இப்படிச் சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ள, கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. யாருக்கு யாரோடு கல்யாணம், யார் என்ன ஆனார்கள் என்றெல்லாம் அதில் பதில் சொன்னார். பதில் போதாது என்று நினைத்தவர்களுக்காகப் பின்னாளில் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் ‘உடையார்’ எழுதும்போது ரவிதாசன் கூட்டத்தை மறுபடியும் களத்தில் இறக்கினார். உடையார்குடிச் சுவரை முன்வைத்துக் கட்டுரைப் போர் நடத்துகிறவர்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.