குயின்சில் வாடகைக்கு வீடு தேடுறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

நியூயார்க்:

நியூயார்க் மாநகரின் குயின்ஸ் பகுதியில் சுமார் 24 லட்சம் பேர் வசிக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதி பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பிள்ளையார் கோவில் உள்ள பிளஷிங், இந்தியக் கடைகள் நிறைந்த ஜாக்சன் ஹைட்ஸ் என எங்கு போனாலும் வாடகை வீட்டுக்கு ஏக கிராக்கி.

இந்த அவசரத்தில்தான் புதிதாக வருபவர்கள் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு?

2019-ம் ஆண்டு சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. முதல் மாத வாடகை தனி. பின்னணி விசாரணைக் கட்டணம் என்று 20 டாலருக்கு மேல் கறக்கவும் முடியாது. காலி செய்த 14 நாளில் அட்வான்சைத் திருப்பித் தரவேண்டும். பிடித்தம் செய்தால் கணக்கு எழுதித் தரவேண்டும்.

கமிஷன் யார் தலையில்?

2025 ஜூன் 11 முதல், புரோக்கரை யார் அமர்த்தினார்களோ அவர்தான் கமிஷன் கொடுக்கவேண்டும். வீட்டுக்காரர் வைத்த புரோக்கர் உங்களிடம் கை நீட்டினால், 'தரமுடியாது' என்று சொல்லிவிடலாம்.

பேஸ்மென்ட் உஷார்!

வாடகை கம்மி என்று பேஸ்மென்டில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழை கொட்டியபோது, நியூயார்க்கில் பேஸ்மென்ட் வீடுகளில் சிக்கி 11 பேர் பலியானார்கள். பெரும்பாலானோர் குயின்ஸ்வாசிகள். அந்த வீடுகளில் பல அனுமதி இல்லாதவை.

எனவே, ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் உண்டா, இன்னொரு வழி உண்டா என்று முதலில் பாருங்கள். ரொக்கம் கொடுத்தால் கையோடு ரசீது வாங்குங்கள். பிரச்சினை என்றால் 311-க்கு போன் போடுங்கள்.