நான்காவது நட்டு

மூன்று நட்டுகள் கழன்று சாலையோரத்து மண்ணில் வரிசையாக இருந்தன. நான்காவது நட்டு மாத்திரம் அசைவதாக இல்லை. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், அவிநாசிக்குச் சற்று முன்பாக, சித்திரை மாதத்து வெயிலில், டயரில் ஆணியேறி நின்றுவிட்ட காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தபோதுதான், களவைத் தடுப்பதற்கென்றே சக்கரத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்படும் ‘லாக் நட்டு’ என்னும் அந்தச் சிறிய இரும்பைப் பற்றி, ஆறு வருஷமாக அந்தக் காரை ஓட்டியும், நான் ஒன்றுமே அறிந்துகொள்ளவில்லை என்பது விளங்கிற்று.

மாட்டுவண்டியின் சக்கரம் அச்சை விட்டுக் கழலாமல் காப்பது கடையாணி; எவரும் ஒரு தட்டில் உருவிவிடக்கூடிய அந்த ஆணிக்குப் பூட்டுப் போட வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதில்லை. அலுமினியக் கலவையில் வார்த்த, விலை உயர்ந்த அலாய் வீல்கள் வழக்கத்துக்கு வந்து, இரவு வாசலில் நிறுத்திய கார் விடிந்ததும் சக்கரமிழந்து செங்கற்களின்மேல் நிற்கும் கொடுமை நகரங்களில் நிகழத் தொடங்கிய பிறகே, இந்தப் பந்தோபஸ்து அவசியமாயிற்று. சாதாரண நட்டின் தலை அறுகோணம். எந்தக் கடையில் வாங்கிய ஸ்பேனரும் அதைப் பற்றும். லாக் நட்டின் தலையோ வழவழப்பான வட்டம். அதன் முகத்தில் பூவிதழ்போல் வளைந்து செல்லும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் சரியாகப் படியும் மேடுகளை உடைய, கட்டைவிரல் நீளமுள்ள ஒரு குமிழே அதன் சாவி. அதை நட்டில் பொருத்தி, அதன் மறுமுனையில் வீல் ஸ்பேனரை மாட்டித் திருப்ப வேண்டும்.

என் கையிலிருந்த சாவியின் மேடுகள் மழுங்கியிருந்தன. ஸ்பேனரை அழுத்தும்போதெல்லாம் அது பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே வந்ததேயன்றி நட்டு திரும்பவில்லை. ஒவ்வொரு வழுக்கலிலும் எஞ்சியிருந்த பிடிமானமும் தேய்ந்தது. முந்தைய வருஷம் வேறோர் ஊரில் டயர் மாற்றியபோது, காற்றில் இயங்கும் ‘ஏர் கன்’னை அந்தச் சாவியின்மேல் வைத்துக் கடகடவென்று முறுக்கிய காட்சி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிறிய காரின் வீல் நட்டுக்கு வேண்டிய முறுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 20 கிலோ பாரம் தொங்கினால் உண்டாகும் முறுக்குத்தான் அது. கடைகளில் உள்ள கன்னோ, கட்டுப்பாடின்றி அழுத்தினால், அதைப்போல் பல மடங்கு முறுக்கிவிடும். நட்டை முறுக்கும்போது, அது ஏறும் மரையிட்ட தண்டான ஸ்டட், கண்ணுக்குப் புலப்படாத அளவு நீண்டு, சுருள்வில்லைப்போல் சக்கரத்தை அச்சு முனையிலுள்ள ஹப்போடு இழுத்துப் பிடிக்கிறது. அளவு மீறினாலோ ஸ்டட் மீளாதபடி நீண்டுபோகும், மரை கெடும், நட்டின் கூம்பு முகம் சக்கரத்தின் குழியில் கடித்துக்கொள்ளும். சாவியும், கன்னின் ஓயாத அதிர்வைத் தாங்கும்படி வார்க்கப்பட்டதன்று. துருவைவிட இந்த அவசர முறுக்குத்தான் லாக் நட்டுக்குப் பெரிய சத்துரு என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாலைக்கு அப்பாலிருந்த லேத் பட்டறையிலிருந்து, அறுபது வயது மதிக்கத்தக்க மேஸ்திரி ஒருவர் வந்தார். நட்டின் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது துருவில்லீங்க, கன்னுல போட்டு முறுக்கியிருக்காங்க” என்றவர், நான் சற்றும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: “மொதல்ல காரை எறக்கி, கழட்டுன மூணையும் திரும்பப் பூட்டோணுங்க.” கழற்ற வந்தவர் பூட்டச் சொல்கிறாரே என்று நான் திகைத்தேன், அதில் அடங்கிய சூட்சுமம் பிறகே புரிந்தது. மூன்றையும் கழற்றிவிட்டபோது சக்கரத்தின் பாரம் முழுவதும் நான்காவது நட்டின்மேல் கோணலாகச் சாய்ந்து அதை இன்னும் இறுக்கியிருந்தது. மூன்றும் மறுபடி இறுகியதும் அந்தப் பாரத்தை அவை பங்கிட்டுக்கொண்டன. டயர் தரையில் ஊன்றியதால் சக்கரமும் சுழலவில்லை.

“ஏனுங்ணா, ஒரு வெல்டிங் வெச்சுட்டா ஆகாதுங்களா?” என்று நான் கேட்டேன்.

“டயர் மாட்டியிருக்கற வீலுல தீ வெக்கறது கடேசிதானுங்க.”

பிறகு அவர் கண்ணாடி அணிந்துகொண்டு, நட்டின் விட்டத்தைவிட மயிரிழை சிறியதான, உட்புறம் பன்னிரண்டு முனைகள் கொண்ட பழைய பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றைத் தேடியெடுத்து, அதை நட்டின்மேல் நேராக நிறுத்திச் சம்மட்டியால் அடித்தார். முதலில் மந்தமாக எழுந்த ஓசை, பாக்ஸ் இரும்பைக் கடித்து இறங்க இறங்கக் கணீரென்று மாறியது. அந்த ஓசை மாறும்வரை அவர் கைப்பிடியைத் தொடவே இல்லை. பின்னர் நீண்ட குழாய் ஒன்றைக் கைப்பிடியில் செருகி, வெட்டி இழுக்காமல், உடலின் பாரத்தை மெல்ல மெல்ல அதன்மேல் இறக்கினார். ‘கிரக்’ என்று ஒரு சப்தம். நட்டு கால் சுற்று திரும்பிற்று. இதே வேலைக்கென்று, இடப்பக்கம் சுழலும் புரிகளை உள்ளே கொண்ட தனிப் பாக்ஸ்களும் கடைகளில் கிடைக்கின்றன. கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அவை இன்னும் ஆழமாகக் கடிக்கும்.

எல்லா நட்டும் இவ்வளவு சுலபமாக வசப்படுவதில்லை. சிலவற்றில் தலையைச் சுற்றித் தனியே சுழலும் வளையம் ஒன்று உண்டு. பாக்ஸ் அந்த வளையத்தைப் பற்றிச் சும்மா சுழலுமாதலால், உளியால் அதைப் பிளந்து எடுத்த பிறகே நட்டைத் தொட முடியும். துளையிடலாமென்றால், பதமேற்றிய எஃகாகையால் சாதாரண டிரில் முனை மழுங்கிவிடும். வேறு நட்டு ஒன்றை அதன் தலையில் வெல்டிங் செய்து திருப்புவதும் உண்டு. உஷ்ணத்தில் துருவின் பிடி தளரும் என்பது உண்மையே. ஆனால் சூடேறிய டயருக்குள் ரப்பர் சிதைந்து எரியும் ஆவி பிறக்கும். அழுத்தம் ஏறி டயர் வெடித்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே அபாயம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றாமல் செய்தால் காரின் மின்னணுச் சாதனங்களும் கெடக்கூடும். வெல்டிங்கைக் கடைசி உபாயமாக வைத்த மேஸ்திரியின் நிதானத்துக்கு இவையே காரணம்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் காலந்தொட்டு, யந்திரத்தைக் கண்டு அஞ்சாமல் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்தக் கொங்கு மண்ணில் ஊறியிருக்கிறது. முதலை உண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட தலமாகிய அவிநாசியின் எல்லையில், அந்தப் பழக்கத்தின் சாரத்தை நான் நேரில் கண்டேன்.

வேலை அத்துடன் முடியவில்லை. ஸ்டட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, விரலால் புதிய நட்டை ஓட்டிப் பார்த்தார் அவர். இடறாமல் ஓடியதால் ஸ்டட்டை மாற்றவில்லை. நான் எண்ணெய் டப்பாவை நீட்டியபோது மறுத்தார். மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபடுமாம். ஸ்டெப்னியை மாட்டி, எதிரெதிர் நட்டுகளாகக் கையாலேயே முறுக்கி, “நூறு கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா செக் பண்ணிக்கோங்க” என்று சொல்லி அனுப்பினார்.

உங்கள் காரிலும் லாக் நட்டு இருக்கலாம். இன்று மாலையே டிக்கியையும் டேஷ்போர்டுப் பெட்டியையும் திறந்து அதன் சாவியைத் தேடிப் பாருங்கள். சாவியிலோ அதனுடன் வந்த அட்டையிலோ எண் பொறித்திருந்தால் வீட்டில் குறித்து வையுங்கள். சாவி தொலைந்தால், புதியதை வரவழைக்க அந்த எண்ணே துணை. டயர் கடையில் காரை விடும்போது, லாக் நட்டை மாத்திரம் கையால் திருப்பச் சொல்லி, முடியும்வரை அருகில் நில்லுங்கள். புறப்படுமுன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.