மரை பொருந்தினால் போதாது

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டால் கார் ஒரே சீரான வேகத்தில் ஓடும். இத்தகைய ஓட்டத்தில்தான் ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் செலவை நொடிக்கு நொடி கட்டுப்படுத்துகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று சென்சார் சொல்ல, இஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். பழுதான இஞ்சினை எடுத்துவிட்டு வேறு வண்டியின் இஞ்சினை ஏற்றுபவர்கள் கியர்பாக்ஸ் சேருமா, மவுண்டிங் சேருமா என்று பார்ப்பார்கள். சென்சாரைக் கடைசியில்தான் நினைப்பார்கள். அப்போதும் மரை பொருந்துகிறதா, கப்ளர் சேர்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அது போதாது. எந்தச் சென்சார் என்பதை முடிவு செய்ய வேண்டியது வண்டியில் இருக்கப்போகும் ஈசியூதான்.

காரணம், எல்லா ஆக்சிஜன் சென்சார்களும் ஒரே மொழி பேசுவதில்லை. 1976-இல் வோல்வோ கார்களுக்காக போஷ் கொண்டுவந்த சிர்கோனியா வகைதான் இன்றும் பரவலாக இருக்கிறது. பெட்ரோல் அதிகமானால் இது 0.9 வோல்ட் அளவுக்கும், காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவுக்கும் மின்னழுத்தம் தரும். டைட்டானியா வகை தானாக மின்னழுத்தம் தராது. அதன் மின்தடைதான் மாறும். ஐந்து, ஆறு வயர்கள் கொண்ட வைட்பேண்ட் வகையில் கலவையின் அளவை மின்னோட்டமே காட்டும். சிர்கோனியாவை எதிர்பார்க்கும் ஈசியூவுக்கு மற்ற இரண்டும் புரியாது. ஆகவே இஞ்சினோடு அதன் ஈசியூவையும் வயரிங்கையும் கொண்டுவந்தால், அந்த வண்டிக்குரிய சென்சார். பழைய ஈசியூவே தொடர்ந்தால், பழைய வண்டிக்குரிய சென்சார்.

‘நான்கு வயர் யுனிவர்சல் சென்சாரைப் பல வண்டிகளில் போட்டிருக்கிறோம், ஓடுகிறதே’ என்பார்கள் மெக்கானிக்குகள். அதில் உண்மை இருக்கிறது. சிர்கோனியா சென்சார்கள் தரும் சிக்னல் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறுபடுவது ஹீட்டர். சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் சென்சார் வேலை செய்யும். அந்தச் சூட்டை விரைவில் எட்டவைக்கும் ஹீட்டரின் மின்தடையைப் பல ஈசியூக்கள் கண்காணிக்கின்றன. அது மாறினால் செக் இஞ்சின் லைட் எரியும். வயர் நிறமும் ஏமாற்றும். போஷ், என்டிகே சென்சார்களில் இரண்டு வெள்ளை வயர்கள் ஹீட்டருக்கு. கறுப்பு வயர் சிக்னலுக்கு. டென்சோவில் இரண்டு கறுப்பு வயர்கள் ஹீட்டருக்கு, நீலம் சிக்னலுக்கு, வெள்ளை எர்த்துக்கு. நிறத்துக்கு நிறம் முறுக்கிவிட்டால் ஹீட்டருக்குரிய கரண்ட் சிக்னல் பாதையில் பாயும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து இணைப்பதே முறை.

‘சென்சாரையே கழற்றிவிட்டாலும் வண்டி ஓடுகிறதே’ என்பது இன்னொரு வாதம். ஓடும், சிக்னல் இல்லாதபோது ஈசியூ முன்கூட்டிப் பதிந்த கணக்கை வைத்துப் பெட்ரோலை விடும். ஆனால் அந்தக் கணக்குக்கு வண்டியின் இன்றைய நிலை தெரியாது. பெட்ரோல் கூடுதலாகப் போனால் மைலேஜ் குறைவதோடு, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகி அடைத்துக்கொள்ளும். சென்சாரில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு கன்வெர்ட்டருக்குப் போய்விடும். எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்கும் இக்காலத்தில் சரியான சென்சார் இன்னும் அவசியம். எத்தனால் சேரச்சேர 14.7 என்ற கணக்கே இறங்குகிறது; அதை ஈசியூ உணர்ந்து திருத்திக்கொள்வது சென்சார் சொல்லும் செய்தியை வைத்துத்தான்.

எனவே இஞ்சினை வாங்கும்போதே அதன் ஈசியூ, வயரிங், கப்ளர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். சென்சாரை மட்டும் அந்த ஈசியூவுக்குரிய பார்ட் நம்பரைச் சொல்லிப் புதிதாக வாங்குங்கள். இஞ்சின் பொருத்தும்போது சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பூசினால் அதன் ஆவி புதுச் சென்சாரையும் கெடுத்துவிடும். சென்சாருக்குக் கேடில்லாதது என்று குறித்த பேஸ்ட்டே வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி இஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதலும் தேவை. டிஎன் 32 வண்டியானால் விழுப்புரத்திலும், டிஎன் 16 ஆனால் திண்டிவனத்திலும் முதலில் அதைக் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரைச் செருகி, சென்சாரின் வோல்ட் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.